மூட்டைத் தீவனமா, பசும்புல்லா, மேய்ச்சலா: ஐந்து கறவை மாடுகளின் வரவு செலவு

அடுத்த கேள்வி ஈரோடு மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவரிடம் ஐந்து ஜெர்சி கலப்பின மாடுகளும், கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நிலமும் உள்ளன. மூட்டைத் தீவனமும் (கடையில் வாங்கும் அடர்தீவனம்) வைக்கோலும் மட்டுமே கொடுத்து, சங்கத்துக்குப் பால் ஊற்றி வருகிறார். பசும்புல் போட்டால் செலவு எவ்வளவு குறையும், அல்லது கலப்பின மாடுகளை விற்றுவிட்டு மேய்ச்சலில் நாட்டு மாடு வளர்ப்பதுதான் லாபமா என்பது அவருடைய சந்தேகம்.

பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. ஆனால் "ஒரு மாட்டுக்கு ஒரு நாள் தீவனச் செலவு எவ்வளவு" என்று கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு லிட்டர் பாலுக்குத் தீவனம் போக என்ன மிஞ்சுகிறது, அந்த மிச்சம் மாடு கறவையில் இல்லாத மாதங்களையும் தாங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தீவனத்தை எப்படி விலை பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குத் தேவை உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் தீவனம். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். கிலோ 8 ரூபாய்க்கு வாங்கும் வைக்கோலில் 90 விழுக்காடு உலர்பொருள் என்பதால் ஒரு கிலோ உலர்பொருள் சுமார் 9 ரூபாய் ஆகிறது. அதே 8 ரூபாய்க்கு மக்காச்சோள ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்) வாங்கினால், அதில் 30 விழுக்காடுதான் உலர்பொருள் என்பதால் 27 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. சொந்த நிலத்துப் பசும்புல்லுக்குத் தண்ணீர், உரம், கரணை எல்லாம் சேர்த்துக் கிலோ ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு உலர்பொருள் என்ற கணக்கில் ஏழரை ரூபாய்தான். வைக்கோலும் மலிவுதானே என்று கேட்கலாம். வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு விழுக்காட்டைத் தாண்டாது; வயிறு நிரம்பும், பால் இறங்காது. அந்தக் குறையை மூட்டையிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது நீங்கள் செய்கிற முறையையே எடுத்துக்கொள்வோம். மாடு 10 லிட்டர் கறக்கிறது, பாலின் கொழுப்பும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துச் சராசரியாக லிட்டருக்கு 36 ரூபாய் கிடைத்தால் வரவு 360. உடலைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்ற கணக்கில் ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்றால் இது 165 ரூபாய். வைக்கோல் 6 கிலோ, 48 ரூபாய். மொத்தம் 213 போக மிச்சம் 147. இதே மாட்டுக்குப் பயறுவகைத் தீவனம் கலந்த பசுந்தீவனம் 30 கிலோ கொடுத்தால் 45 ரூபாய், வைக்கோல் 2 கிலோவுக்கு 16, அடர்தீவனம் மூன்றரைக் கிலோவாகக் குறைவதால் 105. மொத்தம் 166, மிச்சம் 194. இவை நான் எடுத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

மாட்டுக்கு 47 ரூபாய், ஐந்து மாட்டுக்கு நாளொன்றுக்கு 235 ரூபாய் கூடுதல் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றரை ரூபாயில் அறுப்புக் கூலியை நான் சேர்க்கவில்லை. ஐந்து மாடுகளுக்குத் தினமும் 150 கிலோ புல் அறுத்து, சுமந்து, இயந்திரத்தில் நறுக்கிப் போட வேண்டும். அதற்கென்று ஓர் ஆளை முழு நாள் கூலிக்கு வைத்தால் மிச்சம் முழுவதும் அவர் கைக்கே போய்விடும். வீட்டில் இருவர் காலையிலேயே அறுத்து முடிக்க முடியும் என்றால்தான் இந்த லாபம் உங்களுடையது. பசும்புல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

மேய்ச்சலுக்கு வருவோம். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மானாவாரி மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருப்பதால் காங்கேயம் மாடுகளுக்குத் தீவனச் செலவு மிகக் குறைவு. அந்த மாடு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். 3 லிட்டருக்கு 108 ரூபாய் வந்து, செலவே இல்லையென்றாலும், உங்கள் இப்போதைய மிச்சமான 147-ஐக் கூட அது எட்டவில்லை. கொரங்காட்டு விவசாயிக்கு வருமானம் பாலைவிடக் கன்றுகளிலும் காளைகளிலும்தான். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் அது புரியும். மேய்ச்சல் நிலம் பரம்பரையாக இருப்பவருக்கு அது நல்ல தொழில். ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தை வைத்துக்கொண்டு, சங்கத்தில் பால் ஊற்றியே பிழைக்க நினைப்பவர் அதற்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறொன்று இருக்கிறது. ஈன்ற மாடு அடுத்த 13 மாதத்தில் மறுபடி ஈன வேண்டும். சினை ஊசி தங்காமல் அது 16 மாதமானால், கறவை வற்றிய பிறகு மூன்று மாதம் மாடு கூடுதலாகச் சும்மா நிற்கும். அப்போதும் 2 கிலோ அடர்தீவனமும் ஏழரைக் கிலோ வைக்கோலும் என்று நாளைக்கு 120 ரூபாய் தின்னும். 90 நாளுக்கு 10,800 ரூபாய். நாளைக்கு 147 ரூபாய் மிஞ்சும் முறையில் இது 73 நாள் கறந்த மிச்சம். பருவத்துக்கு வருவதைக் காலையிலும் மாலையிலும் கவனித்து, தாது உப்புக் கலவையை நிறுத்தாமல் கொடுப்பவருக்கு இந்தப் பணம் தப்புகிறது. தாது உப்பு மூட்டையில் கலந்துதானே வருகிறது என்று மூட்டையைக் குறைக்கும்போது அதையும் சேர்த்துக் குறைத்துவிடாதீர்கள். குறைகிற அளவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு வளர்க்கும் அசோலா என்ற சிறு பெரணி போதுமா என்றும் இவர் கேட்டிருக்கிறார். அசோலாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். இரண்டு கிலோ அள்ளிப் போட்டாலும் மாட்டுக்குச் சேர்வது 200 கிராம் உலர்பொருள்கூட இல்லை. தொட்டி இருந்தால் கொடுங்கள், அதை நம்பி மூட்டையைக் குறைக்காதீர்கள்.

உங்கள் ஒரு ஏக்கரில் 60 சென்ட் கோ 4 அல்லது கோ 5 கம்பு நேப்பியர், மீதியில் பயறுவகைத் தீவனமான வேலிமசாலும் காராமணியும் போடுங்கள். கோ 4 புல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 380 முதல் 400 டன் தரும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதில் பாதி வந்தாலே 60 சென்ட்டில் 45 டன் கிடைக்கும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகை என்ற அளவில் கொடுத்தால் ஐந்து மாடுகளுக்கான புல் அதிலேயே அடங்கிவிடும். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆகவே முதல் அறுப்பு வரும்வரை மூட்டையில் கை வைக்காதீர்கள். பிறகும் ஒரே நாளில் மாற்றாமல், 10, 15 நாள் எடுத்துக்கொண்டு நாளுக்குக் கொஞ்சமாகப் புல்லைக் கூட்டி மூட்டையைக் குறையுங்கள். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும், அதற்குள் அவசரப்பட்டால் கழிச்சலும் பால் குறைவும்தான் வரும்.