நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

வணக்கம், நேயர்களே. கொடியில் காயும் வெள்ளைத் துணியை நல்ல வெயிலில் பாருங்கள். மடிப்புக்குள் விழும் நிழல் என்ன நிறம்? சாம்பல் என்போம். உற்றுப் பார்த்தால் நீலம் தெரியும். வெயில் எட்டாத மடிப்புக்கு வானம்தானே விளக்கு!

இதைக் கல் முகப்பின் நிழலிலே பிடித்தவர் ஓவியர் க்ளோத் மோனே. பிரான்சில் ருவான் நகரப் பேராலயத்தின் முகப்பை 1892லும் 1893லும், எதிர்ச்சாரி மாடி அறைகளில் இருந்துகொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட தடவை தீட்டினார். அந்த முகப்பு மேற்குப் பார்த்தது, அதை மறக்காதீர்கள். காலையில் சூரியன் பின்னால்; முகப்பு முழுக்க நிழல், நீலமும் ஊதாவும். நண்பகல் தாண்டியதும் வெயில் வலப்புறத்திலிருந்து சாய்வாகத் தடவிக்கொண்டு வரும். சுண்ணாம்புக் கல்லின் செதுக்கல் ஒவ்வொன்றும் எழும்பி நிற்கும். மாலையில் எதிர்வீடுகளின் நிழல் கீழிருந்து ஏற, மேலே மட்டும் பொன். வெளிச்சம் மாறினால் அந்தக் கேன்வாஸ் ஓரத்துக்குப் போகும், அடுத்தது வரும். ஒரே நாளில் ஒன்பதுகூட. பேராலயம் நீலமாக, இளஞ்சிவப்பாக, மஞ்சளாகத் தன்மேல் சரிந்து விழுவதாகக் கனவு கண்டேன் என்று, சில மாதங்களில் மனைவியாகவிருந்த ஆலிஸுக்கு எழுதினார், பாவம்.

திரும்பவும் நிழலுக்கே வருகிறேன். கறுப்பைக் கலந்தால் நிழல் செத்துவிடும், சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அதற்காக நிழல் என்றாலே நீலம் என்று மனப்பாடம் பண்ணவும் கூடாது. நல்ல வெயில் நேரப் படத்தில் ஆழமான வாசல் வளைவுகளுக்குள் மோனே ஆரஞ்சு வைத்திருக்கிறார். வெயில் பட்ட கல்லும் தரையும் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றனவே! வெயிலுக்கு வெள்ளையை அள்ளிப் போடுவது இன்னொரு பிழை. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடும். பக்கத்தில் நீலம் இருந்தால்தான் மஞ்சள் சுடும்.

பூச்சிலும் சூட்சுமம் உண்டு. அடிப்பூச்சு காய்ந்த பிறகு, எண்ணெய் குறைந்த கெட்டி வண்ணத்தைத் தூரிகையால் இழுக்க வேண்டும். மேடுகளில் மட்டும் ஒட்டும், பழைய காரைச்சுவர் மாதிரி. ஈரத்தின் மேல் இழுத்தால் எல்லாம் சேர்ந்து சேறுதான்.

மெருகெண்ணெய் பற்றியும் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இந்த வரிசையின் ஐந்து படங்கள் இருக்கின்றன. பார்க்க வாய்த்தால் முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் காரைதான் தெரியும். வணக்கம்.