வாக்கில்லாத நாற்காலி: அப்துல் ரஹ்மான் பஜ்வாக்

[திரையில்: ஐ.நா. பொதுச் சபை மண்டபம், நியூயார்க், 1967 ஜூலை 4]

இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் நடந்த ஆறு நாள் போர் ஓய்ந்து மூன்றரை வாரம் ஆகியிருக்கிறது. இஸ்ரேல் படைகள் பிடித்த இடங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. அணிசேரா நாடுகள் சார்பில் யூகோஸ்லாவியா கொண்டுவந்தது ஒன்று. அதற்கு ஆதரவு 53, எதிர்ப்பு 46. லத்தீன் அமெரிக்க நாடுகள் கொண்டுவந்தது மற்றொன்று. வெளியேறுவதோடு போர்நிலையையும் இரு தரப்பும் கைவிட வேண்டும் என்றது அது. ஆதரவு 57, எதிர்ப்பு 43. ஒவ்வொன்றிலும் 20 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

இரண்டிலும் ஆதரவுதான் அதிகம். ஆனாலும் இரண்டும் தோற்றன.

[திரையில்: 53 + 46 = 99, தேவை 66 | 57 + 43 = 100, தேவை 67]

அமைதி, பாதுகாப்பு போன்ற முக்கிய விஷயங்களுக்குச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒதுங்கிய நாடுகள் இந்தக் கணக்கில் சேராது. ஆம், இல்லை என்று சொன்னவர்களை மட்டுமே எண்ண வேண்டும். ஒன்றுக்கு 13 வாக்கு குறைந்தது, மற்றொன்றுக்கு 10. அவ்வளவுதான்.

அந்த முடிவுகளைத் தலைமை இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஆப்கானிஸ்தானின் அப்துல் ரஹ்மான் பஜ்வாக். அவருக்கு வாக்கு கிடையாது. சபைத் தலைவர் வாக்களிக்கக் கூடாது, அவருடைய நாட்டுக் குழுவில் வேறொருவர்தான் வாக்களிக்க வேண்டும் என்பது விதி. யாரை எப்போது பேச அழைப்பது, ஒழுங்குப் பிரச்சினை எழுந்தால் என்ன தீர்ப்புச் சொல்வது, இழுபறியான தரப்புகளை எந்த அறையில் உட்கார வைப்பது, இவைதான் தலைவர் கையில் உள்ளவை. கேட்கச் சின்ன விஷயம்போலத் தெரியும். 120-க்கும் மேற்பட்ட நாடுகள் கோபத்தோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

[திரையில்: ஆப்கானிஸ்தான் வரைபடம், கஜ்னி, நங்கர்ஹார்]

பஜ்வாக் 1919-இல் கஜ்னியில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் நங்கர்ஹார் மாகாணத்தின் சுர்க்ரோத். காபூல் ஹபீபியா பள்ளியில் படித்தார், பத்திரிகைத் துறை வழியாக வெளியுறவுப் பணிக்கு வந்தார். பஷ்தோவிலும் பாரசீகத்திலும் கவிதை எழுதியவர். 1958 முதல் 1972 வரை ஐ.நா.வில் ஆப்கானிஸ்தானின் நிரந்தரப் பிரதிநிதி. ஒரே இருக்கையில் 14 ஆண்டு என்பது தூதர்களுக்கு அபூர்வம்.

இவரை அறிய 1963-ஆம் ஆண்டு தென் வியட்நாம் தலைநகர் சைகோனைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: சைகோன், 1963]

தென் வியட்நாமில் அதிபர் டியெமின் அரசு பௌத்தர்களை ஒடுக்குகிறது என்ற புகார் பொதுச் சபைக்கு வந்தது. சபை கண்டனத் தீர்மானத்துக்குப் போவதற்குள், நேரில் வந்து பாருங்கள் என்று டியெம் அரசே அழைத்தது. ஆப்கானிஸ்தான், பிரேசில், இலங்கை, கோஸ்டா ரிக்கா, தஹோமி (இன்றைய பெனின்), மொராக்கோ, நேபாளம் என ஏழு நாடுகளின் குழு புறப்பட்டது. தலைவர் பஜ்வாக். அக்டோபர் 24-இல் சைகோன் போய்ச் சேர்ந்தார்கள். 27-ஆம் தேதி, குழு ஊரில் இருக்கும்போதே, ஒடுக்குமுறையை எதிர்த்து இன்னொரு பௌத்தத் துறவி தீக்குளித்தார். நவம்பர் 1-இல் ராணுவப் புரட்சி. மறுநாள் டியெம் கொல்லப்பட்டார்.

விசாரிக்கப்பட வேண்டிய அரசே இல்லாமல் போய்விட்டது. அப்படியும் வேலையை அரைகுறையாக விடவில்லை. டிசம்பரில் அறிக்கை வந்தது. யார் என்ன சொன்னார் என்ற சாட்சியங்கள் அதில் இருந்தன, குற்றவாளி யார் என்ற தீர்ப்பு இல்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சபை கேட்டது உண்மை நிலவரத்தை. தண்டனை விதிக்கும் அதிகாரத்தை அது கொடுக்கவில்லை.

[திரையில்: 1966 டிசம்பர் 16]

பொதுச் சபைத் தலைவராக பஜ்வாக் இருந்த காலத்தின் மிகப் பெரிய காரியம் அன்று நடந்தது. 1966 செப்டம்பரில் 21-ஆவது கூட்டத்தொடரின் தலைவரானார். அந்த டிசம்பரில் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் நிறைவேறின: பொருளாதார, சமூக உரிமைகளுக்கு 105-0, குடிமை, அரசியல் உரிமைகளுக்கு 106-0. இரண்டிலும் முதல் பிரிவு ஒன்றே: எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு. தமிழில் நாம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் அதே சொல்தான்.

அந்தப் பிரிவின் விதை 1950-இல் விழுந்தது. மக்களின் சுயநிர்ணய உரிமையை உறுதிசெய்யும் வழிகளை மனித உரிமை ஆணையம் ஆராயட்டும் என்று அன்று சபையில் கேட்டவை ஆப்கானிஸ்தானும் சவுதி அரேபியாவும். ஆப்கானிஸ்தானுக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. 1893-இல் வரைந்த டுராண்ட் கோடு, அதாவது ஆப்கானிஸ்தானுக்கும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் (இன்று பாகிஸ்தானுக்கும்) இடையிலான எல்லை, பஷ்தூன் இன மக்களை இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்கு அப்பால் இருப்பவர்களின் எதிர்காலத்தை அவர்களே முடிவு செய்யட்டும் என்பது காபூலின் கோரிக்கை. 1947 செப்டம்பரில் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்வதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடும் அதுதான்; அக்டோபரில் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றது. கோட்டுக்கு அப்பால் உள்ள பஷ்தூன்களின் நிலமான பஷ்தூனிஸ்தானுக்காக பஜ்வாக் ஓயாமல் வாதாடியவர். தன்னலத்தில் தொடங்கிய வாதம்தான், ஆனால் அது எழுத்தில் ஏறியபோது எல்லா மக்களுக்கும் உரியதாகிவிட்டது.

[திரையில்: 1967 நாட்காட்டி]

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் வரை, இடையில் வரும் சிறப்புக் கூட்டங்களுக்கும் அதே தலைவர்தான். அதனால் 1967 ஏப்ரல் 21 முதல் ஜூன் 13 வரை தென்மேற்கு ஆப்பிரிக்கா (இன்றைய நமீபியா) பற்றிய கூட்டம், நான்கே நாள் கழித்து, ஜூன் 17-இல் மத்திய கிழக்கு அவசரக் கூட்டம். இரண்டுக்கும் அவரே தலைவர். தொடக்கத்தில் சொன்ன வாக்கெடுப்பு இந்த இரண்டாவதில்தான் நடந்தது. சபையில் சிக்கிய விஷயம் கடைசியில் பாதுகாப்பு சபைக்குப் போய், நவம்பர் 22-இல், இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும், போர்நிலை முடிய வேண்டும் என்ற 242-ஆம் தீர்மானமானது.

[திரையில்: காபூல், 1978]

பிறகு மேற்கு ஜெர்மனி, இந்தியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் தூதர். 1978 ஏப்ரலில் காபூலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபோது லண்டனில் இருந்தார். பதவியை விட்டு விலகினார். விலகிய தூதர்கள் பொதுவாக வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார்கள். இவர் ஊர் திரும்பினார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1982-இல் சிகிச்சைக்காக வெளியேறி, அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார். 1991-இல் பாகிஸ்தானின் பெஷாவருக்கு வந்தார். டுராண்ட் கோட்டுக்கு அப்பால், அவர் ஆயுள் முழுக்க வாதாடிய பஷ்தூன் நகரம் அது. 1995 ஜூன் 8-இல் அங்கேயே இறந்தார். உடலை எல்லை தாண்டி எடுத்துச் சென்று சுர்க்ரோத்தில் அடக்கம் செய்தார்கள்.