சப்பாத்தி என்றால் "அறை"யா? பெயருக்குள் இருக்கும் கை!

நேற்று ராத்திரி குருமாவில் தொட்டுச் சாப்பிட்டீர்களே, பெயரை வைத்துப் பார்த்தால் அது ஓர் அறை. கன்னத்தில் பளாரென்று விழுமே, அதேதான்! வணக்கம் மக்களே. இந்தியில் "சப்பத்" என்றால் அறை. சப்பாத்தி என்ற பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

சரி, யாரை அறைந்தார்கள்? மாவைத்தான்.

(திரையில்: இரண்டு கைகள், நடுவில் மாவு உருண்டை)

நாம் பலகையும் கட்டையும் வைத்துத் தேய்க்கிறோம். கட்டையே இல்லாமல் கையாலேயே தட்டுகிறவர்களைப் பாருங்கள். உருண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும், பட். கொஞ்சம் திரும்பும், மறுபடி பட். விளிம்பு தானாக விரிந்துகொண்டே போகும். சமஸ்கிருதத்தில் "சர்ப்பட" என்றால் விரித்த உள்ளங்கை, "சர்ப்படீ" என்றால் மாவில் செய்யும் மெல்லிய பண்டம். கையும் பண்டமும் ஒரே வேரில்! எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

வரலாறு வேகமாக: அக்பரின் ஆட்சியை விவரிக்கும் அயினி அக்பரி என்ற நூலில் சப்பாத்தி பெயரோடு வருகிறது. சூடாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று நூலாசிரியர் அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். டிபன் பாக்ஸில் காலையிலேயே கட்டுகிறவர்கள் கவனிக்கவும். 1857-இல் ஊர் ஊராகக் கைமாறி வெள்ளைக்காரர்களைக் கலங்கடித்த சப்பாத்திகளுக்குத் தனி வீடியோவே போடலாம்.

இப்போது நம் பக்கம். சப்பை மூக்கு, சப்பட்டையான தகடு என்கிறோம் இல்லையா? தட்டை என்பதற்கு நம்மிடமும் அதே ஓசை. வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் மட்டையும் தட்டைதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் "சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வாங்கோ" என்றால் சாப்பாட்டுத் தட்டை நீட்டாதீர்கள்! அது செருப்பு, ஷூ. போர்த்துகீசியரின் "சபாத்து" விட்டுப்போன சொல். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அப்புறம் ஃபுல்கா? உப்புவது என்ற பொருளில் வந்த பெயர். அவ்வளவுதான்.

கடைசியாக உகாண்டா. இந்தியர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சப்பாத்தி அங்கே தெருக்கடைக்கு வந்துவிட்டது. முட்டையை காய்கறியோடு பொரித்து, அதற்குள் வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். "ரோல்ட் எக்ஸ்" என்பதை வேகமாகச் சொல்லிச் சொல்லி, பெயர் "ரோலக்ஸ்" ஆகிவிட்டது! கம்பாலாவில் கையில் வாட்ச் இல்லாதவரும் ரோலக்ஸோடு நடக்கலாம்.

உங்கள் வீட்டில் கட்டையால் தேய்ப்பதா, கையால் தட்டுவதா? கமெண்டில் சொல்லுங்கள். பூரிக்கட்டை என்று சொல்கிறவர்களுக்குத் தனி லைக்!