நடை மாறினால் ஆள் மாறிவிடுவாரா?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன். பருவம் மாறும்போது வாழும் வழியையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா, பிடித்த வழியிலேயே கடைசிவரை நிற்க வேண்டுமா? மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. சரி, முதலில் என் அப்பா கதையைக் கேளுங்கள்.

என் அப்பாவோடு சேர்ந்து நடக்க முடியாது, பின்னால் ஓடத்தான் முடியும். அவர் ஓர் எட்டு வைத்தால் எனக்கு மூன்று எட்டு. அம்மா எப்போதும் பத்தடி பின்னால், ஒரு கையில் பை, இன்னொரு கையில் நான், "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவராவது நிற்பதாவது! தெருமுனைக்குப் போய்த்தான் நிற்பார். நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்ததும், "வந்தாச்சா, சரி போகலாம்" என்று மறுபடி கிளம்பிவிடுவார். அவர் இளைப்பாறி முடித்திருப்பார், எங்களுக்கு இளைப்பாறவே நேரம் கிடையாது. ஒரு தடவை விசேஷ வீட்டு வாசலில் "தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லையே, இப்போது வரைக்கும் இருந்தார்களே" என்றாராம். இதை அம்மா நூறு தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்தடி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும்.

முப்பது வயதில் அந்த நடை சரிதான் ஐயா. அந்த வேகம்தான் எங்களுக்குச் சோறு போட்டது, படிக்க வைத்தது. ஆனால் அறுபது தாண்டி, அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகும் அதே நடை, அதே பத்தடி.

இங்கேதான் எதிரணித் தோழி சொன்ன வார்த்தை குறுக்கே நிற்கிறது. "காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறுகிறவனுக்குத் தமிழில் ஒரே பேர்தான், பச்சோந்தி" என்றார், நீங்களும் கை தட்டினீர்கள். அதைப் பதில் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. தோழி, பச்சோந்தி எதற்காக நிறம் மாறுகிறது? ஒளிந்துகொள்ள என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அதற்காக இல்லை. எதிரியை மிரட்ட மாறும், துணையிடம் சேதி சொல்ல மாறும், அப்புறம் குளிருக்கும் வெயிலுக்கும் மாறும். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை அதனால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதனால் குளிர்ந்த காலையில் உடம்பைக் கருக்கவைத்து வெயிலை வாங்கிக்கொள்ளும், வெயில் ஏறினால் வெளிறிவிடும். அது மாறாமல் உறுதியாக இருந்திருந்தால் காலைக் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு வகைப் பச்சோந்தியின் தோலை ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் வரிசையாக இருக்கின்றன. அது நிறம் மாறும்போது அந்தப் படிகங்கள் அப்படியேதான் இருக்கின்றன, மாறுவது அவற்றுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. இடைவெளி கூடினால் பச்சை மஞ்சளாகிறது. இடைவெளி, நடுவர் அவர்களே! எங்கள் வீட்டிலும் மாற வேண்டியிருந்தது அந்தப் பத்தடிதான்.

ரூபின்ஸ்டீன் என்று ஒரு பியானோக் கலைஞர், 89 வயதில், 1976-இல்தான் கடைசிக் கச்சேரி செய்தார். வயதானதும் அவர் குறைவான உருப்படிகளை எடுத்துக்கொண்டார், அவற்றை அதிகமாகப் பயிற்சி செய்தார், வேகமான இடம் வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார், அப்போது அடுத்து வருகிற வேகம் பழைய வேகமாகவே காதில் விழும். பியானோவை விட்டாரா அவர்? விடாமல் இருக்கத்தானே இவ்வளவும் செய்தார்?

அப்பாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போலத் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார். அம்மா இல்லை. ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார், அப்புறம் வந்த வழியே ஓடினார். பாதி வழியில், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நில்லுங்களேன்" என்று அன்றைக்குக் கூப்பிடக்கூட இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை, பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து அம்மா முன்னால், அவர் ஓரடி பின்னால். பழைய வேகம் காலில் ஏறும்போதெல்லாம் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றுவிடுவார். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரியே நடப்பார்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பா இப்போதும் சாயங்காலம் நடக்கப் போகிறார், தனியாக. அவர் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை, நினைத்தால் என்னை முந்திவிடுவார். ஆனால் அம்மாவின் நடைதான் நடக்கிறார். அந்த வாசற்படி வந்ததும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார். அவருக்கு எதிரணி என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நடுவர் அவர்களே.

வணக்கம்.