பை உப்பினால் கோப்பித்தூள் பழுதா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கனடாவிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கோப்பித்தூள் அனுப்பினவ. சீல் பண்ணின பை, வந்து சேரேக்கை தலையணை மாதிரி உப்பிக் கிடக்கு. பழுதாப் போச்சோ? எறியட்டோ?"

எறிந்துவிடாதீர்கள் அக்கா. முதலில் பையை வெட்டி மணந்து பாருங்கள். பூஞ்சண மணமோ புளித்த மணமோ வந்தால், தூள் கட்டிபட்டுக் கிடந்தால், உள்ளே ஈரம் போயிருக்கிறது. அதைப் பாவிக்க வேண்டாம். கோப்பி மணம் முகத்தில் அடித்தால் அது அருமையான தூள். வறுத்து, சூடு ஆறின கையோடு அரைத்துக் கட்டிய தூள்தான் அப்படி உப்பும்.

விமானத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் உப்பியது என்று சிலர் சொல்வார்கள். பறக்கும்போது அது சரி. ஆனால் தரைக்கு வந்ததும் பை பழையபடி சுருங்கிவிட வேண்டுமே. வீட்டுக்கு வந்தும் உப்பி நிற்கிறது என்றால் உள்ளே புதிதாக வாயு சேர்ந்திருக்கிறது. அது காபனீரொட்சைட்டு. கொட்டை 200 பாகையைத் தாண்டி வறுபடும்போது உள்ளே அந்த வாயு உண்டாகிறது. தாச்சியில் வறுக்கும்போது கொட்டை படபடவென்று வெடிக்கும். நீராவியும் இந்த வாயுவும் சேர்ந்து கொட்டையைப் பிளக்கிற சத்தம்தான் அது. எல்லாம் அப்போதே வெளியேறிவிடாது. ஒரு கிலோ வறுத்த கொட்டைக்குள் பல லீட்டர் வாயு அடைபட்டிருக்கும். நாள்கணக்காக மெல்ல மெல்லக் கசியும். அரைத்தால் பெரும்பங்கு உடனே போய்விடும், மிச்சம் பைக்குள் வரும்.

இதிலே கோப்பி வறுத்து அரைக்கும் எங்கள் கடைக்கு வரும் ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தளையில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்த கொட்டையைக் கொண்டுவந்து வறுக்கத் தந்தார். வறுத்து நிறுத்தபோது, "ஒரு கிலோ தந்தனான், 840 கிராம்தானே நிக்குது. மிச்சம் எங்கை மோனை?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த வறுவலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, முன்னும் பின்னும் தராசில் வைத்துக் காட்டினேன். பச்சைக் கொட்டையிலேயே 10 முதல் 12 வீதம் ஈரம் இருக்கிறது. அது ஆவியாகப் போகும், மெல்லிய தோல் உமியாகப் பறக்கும், வாயுவும் போகும். கறுக்கக் கறுக்க எடை இன்னும் குறையும். மாரி காலத்தில் வரும் சாக்கு ஈரத்தை இழுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். தூள் ஏன் கொட்டையை விட இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மற்றப் பாதி, கல்லும் பூச்சிக் கொட்டையும் பொறுக்கும் வேலை. 1869இல் இலைத்துரு நோய் வந்து பெருந்தோட்டக் கோப்பி அழிந்தபின், இந்த நாட்டில் கோப்பி பெரும்பாலும் வீட்டுத்தோட்டப் பயிர். ஒரே சாக்கில் பல வீட்டுக் கொட்டை கலந்து வரும், பருமனும் ஈரமும் ஒன்றாக இருக்காது. பொறுக்காமல் வறுத்தால் சின்னது கருகிவிடும், பெரியது பச்சையாக நிற்கும்.

சரி, பைக்கு வருவோம். பெரிய கம்பனிகளின் பைகளில் முகப்பில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது ஒருவழி வால்வு, வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. எங்களைப் போன்ற சின்ன இடங்களில் கொட்டையை ஒன்றிரண்டு நாள் மூடி இறுக்காத வாளியில் ஆறவிட்டுக் கட்டுவோம். நாளைக்கு விமானம் என்று வந்து நிற்பவருக்கு அதற்கு நேரம் இருக்காது. மல்லி, வேர்க்கொம்பு சேர்த்த தூளென்றால் கோப்பிப் பங்கு குறைவு, உப்பலும் குறைவு.

ஆனால் அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. இந்த மணம் எத்தனை நாளைக்கு நிற்கும்? தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும்: கொஞ்சமாக வாங்குங்கள். வாயு போகும்போது மணமும் சேர்ந்து போகிறது, காற்று உள்ளே வந்து கோப்பியில் இருக்கும் எண்ணெயைக் கெடுக்கிறது. இறுகக் கட்டிய கொட்டை சில வாரம் தாங்கும். திறந்த தூள் ஒன்றிரண்டு வாரத்திலேயே மங்கிவிடும். நல்லூர்த் திருவிழா நேரம் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் கிலோக்கணக்கில் தூள் கேட்பார்கள். கொடுக்க எனக்கு மனம் வராது. கொட்டையாகக் கொண்டுபோங்கள், அங்கே ஒரு சின்ன கிரைண்டர் வாங்கி, குடிக்கும் அன்றைக்கு அரையுங்கள் என்பேன். தூள்தான் வேண்டும் என்றால் 100 கிராம் பைகளாகக் கட்டித் தருவேன், ஒன்று முடிய மற்றதைத் திறக்கலாம்.

கையில் இருக்கும் தூளைச் சோதிக்க ஒரு வழி: ஒரு கரண்டித் தூளில் கொஞ்சம் சுடுநீர் ஊற்றுங்கள். நுரைத்து மேலே எழும்பினால் புதிது. அசையாமல் கிடந்தால் பழையது. திறந்த பையைப் பிரிஜ்ஜில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் தூளில் ஈரம் படியும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக, வெயில் படாத தட்டில் வைத்தாலே போதும்.