“விளங்கவில்லை சேர்”

நடுவர் அவர்களே, வெள்ளவத்தை மழையையும் காலி வீதி நெரிசலையும் தாண்டி வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

மாணவரை உயர்த்துவது ஆசிரியரின் அன்பே என்பது எங்கள் கட்சி. கண்டிப்பே என்ற எதிரணித் தலைவர் நன்னூலைத் துணைக்கு அழைத்தார். ஆசிரியர் துலாக்கோல் போலக் கோணாமல் நிற்க வேண்டுமாம். நல்லது. ஆனால் நன்னூலை எழுதிய பவணந்தியார் ஆசிரியருக்கு உவமையாக நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கைச் சொன்னார். ஐயா தராசை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, பூவை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

அவருடைய அடுத்த அம்பு கூர்மையானது, மறைக்க மாட்டேன். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் அண்டர்சன், ஆசிரியரின் சிரித்த முகமும் கண்பார்த்த பேச்சும் பல்கலைக்கழக மாணவரிடம் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து 1979இல் எழுதினார். ஆசிரியரையும் பாடத்தையும் பிடித்துப்போனது. சோதனைப் புள்ளி மட்டும் கூடவில்லை. “பார்த்தீர்களா!” என்றார் ஐயா. நானும் அதையேதான் கேட்கிறேன். சோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்குப் பிரிவு தேடும் பிள்ளை, பிடித்த பாடத்தின் பக்கம் போகுமா, பயந்த பாடத்தின் பக்கம் போகுமா?

எட்டாம் ஆண்டில் எங்கள் கணித சேர் கேட்பார்: “யாருக்கு விளங்கவில்லை?” அந்தக் கேள்விக்குள்ளேயே பிரம்பு இருந்தது. நாற்பது பேரும் விளங்கியதாகத் தலையாட்டினோம். மாலையில் அந்த நாற்பதில் பாதிப்பேர் ரியூசன் வகுப்பு வாங்கில் முழங்கை இடிக்கச் சந்தித்துக்கொண்டோம். ஒலிவாங்கியில் பேசும் மனிதரிடம் அங்கேதான் யார் சந்தேகம் கேட்பது?

அடுத்த ஆண்டு வந்த ரீச்சர், மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் கதவடியில் நிற்பார். வேறு வித்தை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் போய், மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் வருகிறது என்று கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வெண்கட்டியை எடுத்தார். அன்று எனக்குப் பஸ் தவறியது. வீட்டில் ஏச்சும் கிடைத்தது.

அன்பென்றால் பிழையைத் திருத்தாமல் விடுவதா என்று கேட்டார்கள். அந்த ரீச்சர் திருத்திய கொப்பியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள், பக்கமெல்லாம் சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்புக்கு விளக்கம் கேட்கப் போவதற்கு எங்களுக்குக் கால் கூசவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணியினரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன்: நீங்கள் புகழ்ந்த அந்தக் கண்டிப்பான ஆசிரியரிடம், “விளங்கவில்லை சேர்” என்று நீங்கள் எழுந்து சொன்னது எந்த வகுப்பில்?