அனுமதியில் வாழ்ந்த நூல்கள்

நண்பர்களே, வணக்கம்.

யூதர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பெருநூல் தல்மூது. உலகில் எந்த யூதப் பள்ளியில் அதைத் திறந்தாலும் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் மூலம், ஒரு பக்கம் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, மறுபக்கம் அவர் வழிவந்தவர்களின் உரை. ஏட்டு எண்கூட மாறாது. இந்த அமைப்பை நிலைநாட்டிய அச்சகத்தின் உரிமையாளர் தானியேல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவர். ஆன்ட்வெர்ப்பிலிருந்து வெனிஸுக்கு வந்தவர். 1520 முதல் 1523 வரையிலான ஆண்டுகளில் முழுத் தல்மூதையும் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். போப்பாண்டவர் பத்தாம் லியோவின் அனுமதியும் அவருக்கு இருந்தது.

அதே வெனிஸ்தான் 1516இல் யூதர்களைக் கெட்டோ என்ற சிறு தீவுக்குள் அடைத்தது. இரவானால் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். காவல் நிற்பவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர்களோ உள்ளே அடைபட்ட யூதர்கள். வெளியே நடமாட மஞ்சள் தொப்பி அணிய வேண்டும். தன் அச்சகத்தில் வேலை செய்யும் யூதர்கள் நான்கு பேர் கறுப்புத் தொப்பி போட்டுக்கொள்ள பொம்பெர்க் அரசிடம் தனியாக அனுமதி வாங்கினார். நூலுக்கு அனுமதி, தொப்பிக்கு அனுமதி, குடியிருக்க அனுமதி. அன்றைய இத்தாலியில் யூதர்களின் வாழ்க்கையும் புலமையும் இந்த அனுமதிகளின்மேல்தான் நின்றன. கொடுத்தவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பது முப்பதே ஆண்டுகளில் தெரிந்துபோனது.

1550இல் பதுவா நகர ரபி (யூத மதகுரு) மெயிர், இடைக்கால அறிஞர் மைமோனிதஸின் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவைத் தன் குறிப்புகளோடு வெனிஸில் பிரகதின் என்பவரின் அச்சகத்தில் பதிப்பித்தார். பக்கத்திலேயே ஜுஸ்தினியானி என்ற போட்டி அச்சகம் இருந்தது. அதுவும் அதே நூலை அச்சிட்டு மலிவான விலைக்கு விற்றது. ரபி மெயிர் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இஸ்ஸெர்லஸுக்கு எழுதி முறையிட, ஜுஸ்தினியானி பதிப்பை யாரும் வாங்கக் கூடாது என்று அவர் தீர்ப்பு எழுதினார். சரி, வியாபாரச் சண்டை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அச்சக உரிமையாளர்கள் இருவருமே கிறிஸ்தவப் பிரபுக்கள். ஒருவர் அச்சிடும் நூல்களில் கிறிஸ்தவ நிந்தனை இருப்பதாக மற்றவர் ரோமுக்குப் புகார் அனுப்ப, யூத மதத்திலிருந்து மாறியவர்கள் சிலர் அதற்குச் சாட்சியம் சொல்ல, வழக்கு தல்மூதின் தலையில் வந்து விழுந்தது.

1553 செப்டம்பர் 9, யூதர்களின் புத்தாண்டு நாள். ரோமின் கம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூதுப் பிரதிகளைக் குவித்து எரித்தார்கள். அக்டோபரில் வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்திலும் எரிந்தது. முதல் முழு அச்சுத் தல்மூதைத் தந்த ஊரல்லவா அது! தடை தல்மூதோடு நிற்கவுமில்லை. அதிலிருந்து எடுத்தாண்ட நூல்களும் சேர்ந்தே போயின.

யூதா லெர்மா என்ற அறிஞரின் கதையை நான் விட்டுவிட மாட்டேன். 'பிர்கே அவோத்' என்ற அறநூலுக்கு அவர் உரை எழுதி, வெனிஸில் 1500 பிரதிகள் அச்சிட்டிருந்தார். அத்தனையும் தீக்குப் போயின. கையில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தார். சில அத்தியாயங்கள் எழுதியபின், நெருப்பிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்த யூதரல்லாத ஒருவர் இருப்பது தெரியவந்தது. மிகப் பெரிய விலை கொடுத்து, தான் எழுதிய நூலைத் தானே வாங்கினார். 1554இல் சப்பியொனேத்தா என்ற சிறிய ஊரில் அது மறுபடி அச்சானது. அதன் முன்னுரையில் அவரே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்.

ஒடுக்குமுறைதான் யூதப் புலமையை வளர்த்தது என்று சிலர் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியாது. லெர்மா அந்த மாதங்களில் புதிதாக இன்னொரு நூல் எழுதியிருக்கலாமே! இத்தாலியின் யூதக் கல்விக்கூடங்களில் தல்மூது இருந்த இடத்தில், 11ஆம் நூற்றாண்டில் அல்ஃபாசி எழுதிய சட்டச் சுருக்கம் வந்து உட்கார்ந்தது. மாணவர்கள் தீர்ப்பைப் படித்தார்கள். அந்தத் தீர்ப்புக்குக் கொண்டுபோன நீண்ட வாதம் அவர்கள் கைக்கு வரவில்லை. தல்மூதை வளர்ப்பதே வாதம்தான் என்பதால் இழப்பு சிறியதல்ல.

1564இல் திருச்சபை கொஞ்சம் இறங்கிவந்தது. கிறிஸ்தவத்துக்கு எதிரான பகுதிகளையும் 'தல்மூது' என்ற பெயரையும் நீக்கினால் அச்சிடலாம் என்றது. அப்புறம் 1578இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தொடங்கிய பதிப்பில் பிற மதத்தாரோடு பழகுவது பற்றிய ஒரு பகுதி முழுவதுமே விடுபட்டது. மற்ற எபிரேய நூல்களைத் தணிக்கையாளர்கள் வரிவரியாக அடித்தார்கள். அவர்களில் பெயர் பெற்ற தொமெனிகோ ஜெரோசொலிமிதானோ யூதராகப் பிறந்து மதம் மாறியவர். எதை அடிக்க வேண்டும் என்று ஒரு கையேடே தயாரித்தார். தணிக்கைக்கான செலவு யூதர்கள் தலையில். சில பிரதிகளில் அந்த மை இன்று வெளிறிப்போய், அடித்த வரியைப் படிக்க முடிகிறது.

ஆனால் மை படாத தணிக்கையும் ஒன்று உண்டு. வெனிஸ் ரபி லியோன் மொதேனா யூதச் சடங்குகளைப் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து மன்னருக்குக் கொடுப்பதற்காக எழுதியது. அதனால் கொஞ்சம் மனம்விட்டே எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியை வாங்கிப்போன பிரெஞ்சு நண்பர் அதை 1637இல் பாரிஸில் அச்சிட்டுவிட்டார். செய்தி வந்ததும் 66 வயது மொதேனா கதறித் தாடியைப் பிய்த்துக்கொண்டதாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். பிறகு, யாரும் அழைக்காமலேயே சமய விசாரணை அதிகாரியிடம் தானே போய், தன் நூலில் இன்னின்ன இருக்கின்றன என்று ஒப்புவித்தார். பாரிஸிலிருந்து பிரதி கைக்கு வந்தபோதுதான், அவர் பயந்த இடங்களை நண்பர் முன்யோசனையோடு நீக்கிவிட்டது தெரிந்தது. மறு ஆண்டே வெனிஸில் புதிய பதிப்பு வந்தது. இந்த முறை வெட்டித் திருத்தியவர் மொதேனாவேதான்.